சவர்க்காரம் பூசிய வில்

ஹோம்புஷ், சிட்னி
7.3.1976

அன்புத் தங்கை நாகேஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமென்று நினைக்கிறேன். உன் கணவர் கலாநிதி நித்தியானந்தன் அவர்களும் சுகமாகவே இருப்பார். பிறரைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு வருத்தம் வருவது குறைவு.

நான் சொல்லாமல் வெளிக்கிட்டேன் என்று நீ அழுததாகக் கேள்வி. சொல்லித்தான் வெளிக்கிட்டேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, "அறுபத்திமூண்டு வயசில ஒரு வெள்ளைக்காரக் கூத்தாடிக்குப் பின்னால போகப்போறியளோ?" என்று அவர் கேட்டார். "ஓம், போறன்" என்றேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வயலினோடு பகிடி விடுகிற பெர்ட்டி கார்ஸ்வெல்லை உனக்கு நினைவிருக்கும். நான் இரத்மலானை ரயில்வே வேலைத்தலத்தில் சேர்ந்த வருடம், ஊருக்குப் போன ஒரு துரையின் ஏலத்தில் கிராமபோனும் ஆறு இசைத்தட்டுகளும் வாங்கி வந்தேன். ஆறும் கார்ஸ்வெல் வாசித்தவை. எந்த வாத்தியாரும் எனக்கு வயலின் சொல்லித்தரவில்லை. ஒருவர் என் விரல்களைப் பார்த்து, இது மண்வெட்டி பிடிக்கிற கை என்றார். அந்த ஆறு தட்டுகள்தான் என் வாத்தியார். போன மாதம் அவர் மெல்பேர்னில் ஆடியபோது நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பாட்டைப் பிழையாக வாசித்தார். அதைச் சொல்லவேண்டும் என்று பின்கதவில் ஒரு மணித்தியாலம் நின்றேன். வந்தார். சொன்னேன். "அப்படியானால் நீர் வாசியும்" என்று வயலினை நீட்டினார். நான் அந்தப் பின்கதவு நடையிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் சப்பணமிட்டு இருந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ஆறையும் வாசித்தேன். மனுசன் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

இப்போது அவரோடு சேர்ந்து வாசிக்கிறேன். சிட்னியில் ஒரு பெரிய கிளப், செவ்வாய், வியாழன், சனி பின்னேரம் இரண்டு மணிக்கு. இங்கே சென்னைக்காரர் சேஷாத்ரி என்பவரோடு ஒரு பிளட்டில் தங்கியிருக்கிறேன். இதை உன் கலாநிதிக்கு உரக்க வாசித்துக் காட்டு.

உன் தமையன்,
வி. மகேந்திரராஜா


கிளேட்டன்
21.3.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் எல்லோரும் நலம். சின்னவனுக்கு மட்டும் தடிமனும் இருமலும்.

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பகுதியைத் தவிர. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சொன்னேன். "உன்ர அண்ணாவோ? பெர்ட்டி கார்ஸ்வெல்லோடையோ?" என்று வாயைப் பிளந்தார்கள். அவர்களுடைய தாய்மாருக்கு அவர் என்றால் உயிராம். ஒருத்தி தன் தாய்க்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறாள். வெள்ளிக்கிழமை பூசைக்குச் சனம் கூடியபோது சிவமணியின் மனைவி விமலாவுக்கும் சொல்லிவிட்டேன். அவ சும்மா இருப்பாவா? "அவையள் வேட்டியோட மேடையில ஏற விடுவினமோ?" என்று கேட்கிறா.

நீங்கள் அவருக்கு வலப்பக்கம் நிற்பீர்களா, இடப்பக்கமா? நிலத்தில்தான் இருப்பீர்களா? சனம் கைதட்டும்போது நீங்களும் எழும்பிக் கும்பிடுவீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
நாகேஸ்


ஹோம்புஷ்
18.4.1976

அன்புத் தங்கை நாகேஸ்வரிக்கு,

மாத்திரை போடுகிறேன். உடம்பு நலமே. உங்கள் சுகத்துக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன்.

நீ கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத நேரமில்லை. கார்ஸ்வெல்லைப் பற்றி எழுதுகிறேன். மீன்கடைக்காரனின் மகன். பதினைந்து வயதில் வயலினோடு மேடை ஏறியவர். ஒருநாள் தந்தி அறுந்து மூக்கில் அடித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து தந்தி அறுவதே அவருக்குத் தொழில். இசைத்தட்டு, பிறகு எட்டுப் படம், யுத்தத்தில் பட்டாளத்துக்கு முன்னால் ஆட்டம், பிறகு டெலிவிஷன். பிறகு அங்கே, சீமையில், ஆட்களுக்கு அவர் அலுத்துவிட்டார். இங்கே வந்து குடியேறிய வெள்ளைக்காரக் கிழடுகள் இன்னும் மறக்கவில்லை. அவர்களை நம்பித்தான் இந்த வயதில் கடல் கடந்து வந்திருக்கிறார். மனைவி டோரிஸ் கூட வந்திருக்கிறா.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். ஒரு மணித்தியாலம் கதிரையிலிருந்து விழுவார், வில்லால் முதுகு சொறிவார், எல்லாக் கோமாளித்தனமும் செய்வார். கடைசிப் பாட்டை மட்டும் பகிடி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, முழுதாக வாசிப்பார். நாற்பது வருடமாக அப்படித்தான். சிரித்த சனம் அந்த இடத்தில் அழும். அதுதான் அவருடைய மானம். மற்றதெல்லாம் பிழைப்பு.

சேஷாத்ரி நல்ல மனுசன், வாய்தான் கூட. நான் பழகும்போது வந்து, "சார், கீழ் வீட்டம்மா, மாடியில யாராவது தவறிட்டாங்களான்னு கேக்கறாங்க. நீங்க இங்கிலீஷ் பாட்டு வாசிக்கறீங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்கிறார். என் கிராமபோனுக்குச் சுருள் தளர்ந்திருந்தது. தட்டு மெதுவாகச் சுற்றியது. நான் கற்றதும் மெதுவாகத்தான், ஒரு சுரம் கீழேதான். மெல்பேர்னில் அவர் பிழை என்று நின்றேன்; பிழை என்னுடையது என்று இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. முப்பத்தைந்து வருடப் பிழை. ஆனால் கார்ஸ்வெல் இந்த வேகம்தான் வேண்டும் என்கிறார். இப்போது அவர் உடம்புக்கு இதுதான் சரியாம்.

அவர் என்னை "புரொபெசர்" என்று கூப்பிடுகிறார். ஆறு கிழமையாகியும் என் பெயரை ஒருதரம்கூடச் சொல்லவில்லை. இரத்மலானையிலும் இப்படித்தான். என்னிடம் வேலை பழகியவன் எனக்கு மேலதிகாரியாக வந்து, வரவுப் பதிவு இடாப்பைப் பார்த்துத்தான் என் பெயரை வாசிப்பான். பார்ப்போம்.

உன் தமையன்,
வி. மகேந்திரராஜா


கிளேட்டன்
30.5.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். எனக்கு ஒரு மாதமாக இரண்டு வேலைநேரம். கைகால் விழுந்த பாரிசவாதக்காரரின் வார்டில் வேலைக்கு ஆட்கள் குறைவு. மற்றபடி இங்கே எல்லோருக்கும் சுகம். நீங்கள் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு நல்ல செய்தி. ஓகஸ்ட் கடைசியில் பிள்ளைகளின் லீவுக்குச் சிட்னிக்கு வர இருக்கிறோம். இவரேதான் சொன்னார். "உம்மட அண்ணரை மேடையில பாத்தால் நான் எழும்பி நிண்டு கைதட்டுவன்" என்றார். பகிடிக்கு இல்லை, அண்ணா. மேசையில் சொன்ன சொல் அவருக்கும் உறுத்துகிறது. சிவமணியும் விமலாவும் வந்தாலும் வருவார்கள்.

எந்தச் சனிக்கிழமை நல்லது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
நாகேஸ்


ஹோம்புஷ்
6.6.1976

தங்கை நாகேஸ்வரிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வரவேண்டாம். பிளட் சிறியது. ஓகஸ்டில் நாங்கள் வேறு ஊர்களுக்குப் போனாலும் போவோம். அந்தக் கிளப்பில் பிள்ளைகளை விடமாட்டார்கள். சூதாட்ட மெஷின் இருக்கிறது, குடி இருக்கிறது. விமலாவிடம் எதையும் சொல்லாதே என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

கைதட்டுகிறவர் அங்கேயிருந்தே தட்டட்டும்.

வி. மகேந்திரராஜா


கிளேட்டன்
25.7.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு விஷயம். இவருக்குச் சிட்னியில் ஒரு மாநாடு வந்தது. நானும் கூட வந்தேன். பிள்ளைகளை விமலாவிடம் விட்டுவிட்டு வந்தோம். போன சனிக்கிழமை பின்னேரம் கிளப்புக்கு வந்தோம். முன்னாலிருந்து மூன்றாவது மேசை. நிகழ்ச்சி நல்ல விறுவிறுப்பு. இவர் இரண்டு தரம் கண் துடைக்கச் சிரித்தார். கடைசிப் பாட்டு மிக நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த வாசிப்பு எங்கேயிருந்தாலும் எனக்குத் தெரியும்.

முடிந்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் உங்களைக் காணாமல் திரும்பிவிட்டோம். கோபிக்க வேண்டாம். ரயிலில் இவர் அதிகம் கதைக்கவில்லை.

குளிர் கூடிவிட்டது. வெறுங்காலோடு நிலத்தில் இருக்காதீர்கள், அண்ணா. இரண்டு சோடி கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
நாகேஸ்


ஹோம்புஷ்
8.8.1976

நாகேஸ்வரிக்கு,

காலுறை கிடைத்தது.

நீ எதைக் கண்டாய் என்று எழுதவில்லை. நானே எழுதுகிறேன். இடப்பக்கத் திரைச்சீலை நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு கறுத்த வெறுங்காலையும் அதில் ஊன்றிய வயலின் தலையையும் கண்டிருப்பாய். மூன்றாவது மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். உன் கலாநிதியும் கண்டார். அதனால்தான் ரயிலில் கதைக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு சுடாது.

ஓம். நான் மேடையில் இல்லை. மேடைக்குப் பின்னால் இருக்கிறேன். கார்ஸ்வெல்லுக்குப் போன வருடம் ஒரு பாரிசவாதம் வந்து போனது. மெல்பேர்னில் தட்டித்தடவி வாசித்தார்; இப்போது வலக்கை பழையபடி வில் இழுக்காது. அவருடைய வில்லில் குளிக்கிற சவர்க்காரக் கட்டியைப் பூசிக் கொடுப்பார்கள். சவர்க்காரம் பட்ட வில் எவ்வளவு தேய்த்தாலும் சத்தம் போடாது. அவர் முன்னால் இழுப்பார். நான் பின்னால் வாசிப்பேன். திரைச்சீலையில் ஒரு துளை இருக்கிறது. அதனூடாகப் பார்த்து அவருடைய கையோடு என் கையை வைத்துக்கொள்வேன். வெளியே ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மனேஜர் கென் கையெழுத்து வாங்கினான். உன்னிடமும் சொல்லாதது அதனால் மட்டுமில்லை.

இவ்வளவு நாளும் பொறுத்தேன். இனி இல்லை. நீங்கள் வந்துபோன சனிக்கிழமைக்குப் பிறகு கார்ஸ்வெல்லிடம் நேரே கேட்டேன். "வாசிக்கிறது நான் எண்டு சொல்லச் சொல்லிக் கேக்கேல்ல. எனக்கு உதவி செய்யிறவர் இன்னார் எண்டு என்ர பேரை ஒருக்காச் சொல்லும். அவ்வளவுதான்." தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை மேடையில் தொடங்கினார். "எனக்கு உதவியாக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர்..." என்றார். நிறுத்தினார். கண்ணை உருட்டினார். சனம் சிரித்தது. "புரொபெசர்" என்று முடித்துவிட்டார். வியாழனும் அப்படியே. என் பெயர் அவருக்கு ஒரு பகிடி.

கடைசி நிகழ்ச்சி செப்டெம்பர் 25, சனிக்கிழமை. அன்றைக்கு என் பெயர் வராவிட்டால் கடைசிப் பாட்டும் வராது. அவர் சவர்க்கார வில்லோடு சனத்துக்கு முன்னால் நிற்கட்டும். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

வி. மகேந்திரராஜா


கிளேட்டன்
15.8.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாய் இருந்தால் அதுவே போதும்.

திரைக்குப் பின்னால் இருந்தது வெட்கமென்று நான் நினைக்கவில்லை. இவரும் நினைக்கவில்லை. ரயிலில் இவர் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று விட்டேன். "நாகேஸ், அந்த வாசிப்புக்கு முன்னால என்ர டிகிரி எல்லாம் தூசி" என்றார்.

சில கேள்விகள் கேட்கிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள். கார்ஸ்வெல் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா? மனேஜரை? கோப்பை, தொப்பி, கதவு போன்ற சாதாரணச் சாமான்களைக் கேட்கும்போது என்ன சொல்லிக் கேட்பார்? பாட்டை வாயால் பாடும்போது சொற்கள் தடையில்லாமல் வருகின்றனவா? மேடைக்கதைகளைத் தடக்குப்படாமல் சொல்கிறாரா?

கெதியாக எழுதுங்கள், அண்ணா. காரணத்தோடுதான் கேட்கிறேன்.

நாகேஸ்


ஹோம்புஷ்
5.9.1976

நாகேஸ்வரிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரஷர்தான் கூடியிருக்கிறதென்று டொக்டர் சொல்கிறார்.

பொலிஸ்காரி மாதிரிக் கேள்வி கேட்டிருக்கிறாய். பதில் இதோ. மனைவியை "மை லவ்" என்கிறார். கென்னையும் "மை லவ்" என்கிறார். தேத்தண்ணீர் கொண்டுவருகிற பெண்ணும் "மை லவ்"தான். கோப்பையைக் கேட்கும்போது "அந்தச் சூடான சாமான்" என்பார். தொப்பிக்கு "தலைக்கு மேல போடுறது". நாற்பது வருடமாக மேடையில் சொன்ன கதைகளைத் தண்ணீர் மாதிரிச் சொல்கிறார். பாட்டும் அப்படியே. ஆகவே நாக்கில் பிழையில்லை. மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவசியமில்லாத பெரிய மனுசத்தனம், அவ்வளவுதான். என்ன இருந்தாலும் பேர்பெற்ற ஆள். நாங்கள் எல்லாம் அவருக்கு "சாமான்".

சேஷாத்ரியும் புத்தி சொல்லப் பார்க்கிறார். "சார், பேர் என்ன பெரிய பேரு? எங்க ஆபீஸ்ல என்னைச் 'சேஷ்'ங்கறான், 'சாம்'ங்கறான். மாசச் சம்பளம் சரியா வருது. விட்டுத் தள்ளுங்க" என்றார். உங்கள் பெயரை நீங்கள் விட்டுத்தள்ளலாம் என்றேன். அன்றிலிருந்து இருவரும் குசினியில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நீ இனி எழுதப்போவது எனக்குத் தெரியும். பாவம், கிழவன், நோயாளி என்று எழுதுவாய். எனக்கும் வயது அறுபத்துமூன்று. என் மனம் இளகுவதற்கு நான் இடம் கொடுக்கப்போவதில்லை. 25ஆம் தேதி முடியும்வரை உன் கடிதம் எதையும் உடைக்கமாட்டேன். தந்தியும்தான். சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும்.

வி. மகேந்திரராஜா


கிளேட்டன்
10.9.1976
பதிவுத் தபால்

அண்ணா,

உடைக்கமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். உறையின் மேலேயும் சிவப்பில் எழுதியிருக்கிறேன். கடவுளே என்று உடையுங்கள்.

அது பெரிய மனுசத்தனம் இல்லை. வருத்தம், நோய். என் வார்டில் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள். வலப்பக்கம் வாதம் வந்தவர்கள் சிலருக்குப் பெயர்கள் மட்டும் போய்விடும். ஆளைத் தெரியும், மனதுக்குள் பெயரும் தெரியும், வாய்க்கு வராது. கோப்பையைக் கண்டு கோப்பை என்று சொல்ல வராது. பழைய பாட்டும் மனப்பாடமாய்ச் சொல்லிய கதையும் மட்டும் முழுதாக வரும். ஒரு மனுசன் மூன்று மாதமாகத் தன் மகளை "மை டியர்" என்கிறார். பெயரைச் சொல்லு, சொல்லு என்று அவள் நெருக்கியபோது வேறு வேறு சொல்லெல்லாம் வந்தது, அது வரவில்லை. அன்றைக்கு அவருக்குத் திரும்ப வாதம் அடித்தது. நெருக்கியதால் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள்.

அவர் உங்கள் பெயரைச் சொல்ல மறுக்கவில்லை, அண்ணா. சொல்லத்தான் முயல்கிறார்.

கிளப்புக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்றார்கள். மிஸிஸ் கார்ஸ்வெல்லோடு கதைக்க விடவில்லை. நானே வருவேன், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் கொப்பளிப்பான் அம்மை போட்டிருக்கிறது. இவர் ஒரு கூட்டத்துக்குக் கன்பெராவில் நிற்கிறார், 26ஆம் தேதிதான் திரும்புவார். சேஷாத்ரி அவர்களுக்கும் ஒரு கடிதம் தனியே எழுதுகிறேன்.

வாசித்துவிட்டு, ஒரு சொல் எழுதுங்கள்.

நாகேஸ்


ஹோம்புஷ்
3.10.1976

அன்புத் தங்கை நாகேஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். பிள்ளைகளின் கொப்பளிப்பான் மாறியிருக்கும். தழும்பு சொறியாமல் பார்த்துக்கொள்.

நீ கேட்காவிட்டாலும் எழுதவேண்டியது என் கடமை.

சேஷாத்ரி உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் என் பின்னால் திரிந்தார். "சார், ஒரே ஒரு வரி, கேட்டுக்கோங்க சார்" என்றார். உங்கள் வேலையைப் பாரும் என்று கதவைச் சாத்தினேன்.

25ஆம் தேதி ஒன்றரை மணிக்குக் கார்ஸ்வெல் நான் இருந்த இடத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய மட்டையும் பென்சிலும் எடுத்து நீட்டி, எழுதித் தரும்படி கையால் காட்டினார். என் பெயரைத்தான் கேட்டார். நான் எழுதவில்லை. "ஏழு மாசமாப் பக்கத்தில இருக்கிறன். கடதாசி பாத்து வாசிக்கிற பேர் எனக்கு வேண்டாம்" என்றேன். மட்டையைத் திரும்பப் பையில் வைத்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கை முதலில் தோளைத் தவறவிட்டது எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று எழுதினால் பொய்.

அன்று முந்நூறு பேருக்கு மேல். நன்றாக ஆடினார். கடைசிப் பாட்டுக்கு முன் முன்னால் வந்து நின்றார். "ஒரு நண்பர் இருக்கிறார்" என்றார். "அவர் பெயர் மா..." என்றார். நின்றுவிட்டது. உதட்டை மூடித் திறந்தார். "மண்டே" என்றார். இல்லையென்று தலையாட்டினார். "மான்செஸ்டர்." "மார்மலேட்." சனம் மேசையில் அடித்துச் சிரித்தது. இந்த நாட்டில் என் பெயரை வைத்து எத்தனை பேர் இப்படி விளையாடியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் வில்லை நிலத்தில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடித் தன் வில்லை இழுத்தார். சத்தமில்லை. திரும்ப இழுத்தார். சனத்துக்கு இன்னும் சிரிப்பு. கண்ணைத் திறந்து திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். நான் துளையில் கண்ணை வைத்திருந்தேன். நான் எடுக்கவில்லை.

பிறகு ஒன்று செய்தார். மேடை நடுவில், அந்த நீள்கோட்டோடு, மெதுவாக நிலத்தில் இருந்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார். சப்பணமிட்டார். காலுறைக் காலில் வயலின் தலையை ஊன்றினார். நிமிர்ந்து இருந்து, நான் இழுப்பதுபோல் வில்லை இழுத்தார். சனத்தைப் பார்த்து, இந்த ஆள்தான், இந்த ஆள்தான் என்பதுபோல் திரைப்பக்கம் தலையை ஆட்டினார். அப்படி ஒரு சிரிப்பை அந்த மண்டபம் கேட்டிருக்காது. என்னை அவமதிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் நிலத்தில் இருக்கிற விதத்தைக்கூட விடவில்லையே என்று பல்லைக் கடித்தேன். அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு வில் சரிந்தது. பிறகு அவரும் சரிந்தார். அவர் எப்போதும் விழுகிற மனுசன். அதனால் கைதட்டல் நிற்கவில்லை. கென் திரையை இழுக்க நெடுநேரம் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரண்டாவது வாதம். இப்போது "மை லவ்" என்பதும் வருவதில்லை.

அன்று பின்னேரம் வந்து உன் பதிவுத் தபாலை உடைத்தேன். சேஷாத்ரி தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அந்த மனுசன் முந்நூறு பேருக்கு முன்னால் என் பெயரைத் தன்னால் முடிந்தபடி சொல்லிவிட்டுத்தான் சரிந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. சனத்துக்கு விளங்கவில்லை.

தினமும் போகிறேன். டோரிஸ் கதிரையை எனக்கு விட்டுத்தருகிறா. நடந்தது ஒரு தடங்கல், தந்தி அறுந்திருக்கும் என்று அவ நினைக்கிறா. கென் அப்படிச் சொல்லியிருக்கிறான். நான் திருத்தவில்லை. நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் என் வாயால் வராது. நீ என்னை அறிவாய். ஆனால் நேற்று வார்டில் தாதி வந்து, நீங்கள் இவருக்கு யார், பெயர் என்ன, வந்துபோகிறவர்களின் புத்தகத்தில் எழுதவேண்டும் என்றாள். தெரிந்தவர் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

பேப்பரில் வந்ததை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நாற்பது வருடத் தொழிலில் கார்ஸ்வெல் செய்த மிகச் சிறந்த நகைச்சுவை அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். வயலின் ஊமையானதும், பெயர் வராமல் தடுமாறியதும், நிலத்தில் சப்பணமிட்டு இருந்ததும் ஒரு மேதையின் கற்பனையாம். உன் கலாநிதிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நான் மூன்று தரம் வாசித்தேன், எங்கேயாவது என் பெயர் வந்துவிட்டதோ என்று.

அண்ணன்